நாய்களின் தாடை அசைவுக் கோளாறுகள்

நாய்களின் தாடை அசைவுக் கோளாறுகள் என்பன, நாய் ஒன்று தன் வாயைத் திறக்கவோ மூடவோ இயல்பாக மெல்லவோ இயலாமற்போகும் நிலைமைகளைக் குறிக்கும். இது தனியொரு நோயின் பெயர் அன்று. பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி ஆகும். அண்ணத்தில் குறுக்காகச் சிக்கிய எலும்புத் துண்டு, பல்வேரில் கட்டிய சீழ், தசை அழற்சி, நரம்புச் செயலிழப்பு, எலும்பு முறிவு, இசிவு நோய், ரேபீஸ் எனப்படும் வெறிநோய் ஆகியன இதற்குக் காரணமாகலாம். வாய் மூட மறுக்கிறதா, திறக்க மறுக்கிறதா என்று பிரித்தறிதல் காரணத்தைத் தேடுவதில் முதற்படி ஆகும். தாடை திடீரெனத் தொங்கிவிட்ட நாயின் வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பது, வெறிநோய் உள்ள நாடுகளில் மனித உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும்.

தாடையின் அமைப்பு

நாயின் கீழ்த்தாடை இடம், வலம் என இரு எலும்புகளால் ஆனது. மனிதரில் இவ்விரண்டும் குழந்தைப் பருவத்திலேயே ஒன்றாகிவிடுகின்றன. நாய்களிலோ முன்முனையில் நார்க்குருத்தெலும்பால் மட்டும் பிணைக்கப்பட்டு, பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தனித்தே இருக்கின்றன. இதனால் அடிபட்ட நாய்களில் இவ்விணைப்பு பிரிந்துபோவதும் உண்டு.

காதுக்குச் சற்று முன்பாக, கீழ்த்தாடையின் பின்முனை மண்டையோட்டிலுள்ள பள்ளம் ஒன்றில் பொருந்தித் தாடை மூட்டாக அமைகிறது. இம்மூட்டு கதவின் கீல் போல மேலுங்கீழும் அசைவதற்கே ஏற்றது. மாடு அசைபோடுவது போலப் பக்கவாட்டில் அரைத்து மெல்ல நாயால் இயலாது. கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் தாடையின் உட்புறத்திலும் உள்ள வலிய தசைகள் வாயை மூடுகின்றன. இவற்றை இயக்குவது ஐந்தாம் மண்டை நரம்பாகிய முக்கிளை நரம்பு ஆகும். வாயைத் திறக்கும் தசை இவற்றோடு ஒப்பிடுகையில் மிகச் சிறியது. ஆகவே மூடும் தசைகள் இருபுறமும் செயலிழந்தால் தாடை தன் எடையாலேயே கீழே தொங்கிவிடும். ஒருபுற நரம்பு மட்டும் பாதிக்கப்பட்டால் தாடை தொங்குவதில்லை. நாளடைவில் அப்பக்கத்து நெற்றிப்பொட்டு குழிவிழுவதே கண்ணுக்குத் தெரியும்.

வாயை மூட இயலாமை

வயதுவந்த நாய்களில் திடீரெனத் தாடை தொங்குவதற்கு ஒரு முக்கிய காரணம் முக்கிளை நரம்பு அழற்சி ஆகும். முதல்நாள் நன்றாக உண்ட நாய், மறுநாள் வாயைத் திறந்தபடியே நிற்கும். கவ்விய உணவு கீழே விழும், நீரை நக்கிக் குடிக்க முயன்று நாற்புறமும் சிந்தும், எச்சில் ஒழுகும். வலி இருப்பதாகத் தோன்றாது. கீழ்த்தாடையை உயர்த்தினால் தடையின்றி மேலே வரும், விட்டால் மீண்டும் விழும். (இச்சோதனையை மருத்துவரே செய்யவேண்டும், காரணம் அடுத்த பகுதியில் கூறப்படுகிறது.) நாக்கு அசையும், விழுங்கும் ஆற்றலும் பொதுவாகக் கெடுவதில்லை. சில நாய்களில் ஒருபக்கக் கண்ணின் பாவை சுருங்கி இமை தாழ்ந்திருப்பதும் உண்டு.

இந்நோய் ஏன் வருகிறது என்பது தெளிவாகவில்லை. தோற்றத்தில் அச்சமூட்டினாலும் பெரும்பாலான நாய்கள் 2 முதல் 4 வாரங்களில் தாமாகவே தேறிவிடுகின்றன. ஸ்டீராய்டு மருந்துகள் இக்காலத்தைக் குறைப்பதாக உறுதிப்படவில்லை. நாய் நீரும் உணவும் இன்றி வாடாமல் பார்த்துக்கொள்வதே சிகிச்சையின் பெரும்பகுதி ஆகும்.

வெறிநோயும் தொங்கும் தாடையும்

வெறிநோய் என்றதும் கண்டாரையெல்லாம் கடிக்க ஓடும் நாயே நினைவுக்கு வரும். இந்நோய்க்கு ஊமை வடிவம் ஒன்றும் உண்டு. அவ்வடிவில் நாய் யாரையும் துரத்துவதில்லை. இருண்ட மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். தாடையும் தொண்டைத் தசைகளும் செயலிழப்பதால் வாய் திறந்தே இருக்கும், எச்சில் வடியும், விழுங்க இயலாது, குரைப்பொலி கரகரத்து மாறிவிடும். பின்னர் கால்களுக்கும் வாதம் பரவி, அறிகுறிகள் தொடங்கிய சுமார் 10 நாட்களுக்குள் நாய் இறந்துவிடும்.

இந்த நாயைப் பார்ப்பவருக்குத் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்ற எண்ணமே முதலில் எழும். அன்பினால் வாயைப் பிடித்து விரலைவிட்டுத் துழாவுவார்கள். கடி விழாததால் ஆபத்து நேர்ந்ததாகவும் எண்ணமாட்டார்கள். ஆனால் வெறிநோய்க் கிருமி எச்சிலில் உள்ளது. கையிலுள்ள சிறு கீறலின் வழியாகவோ, கண், வாய் ஆகியவற்றின் மென்சவ்வு வழியாகவோ அது உடலுக்குள் செல்லும். அறிகுறிகள் தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே நாயின் எச்சிலில் கிருமி இருக்கக்கூடும்.

உயிருள்ள நாயில் வெறிநோய் இல்லை என்று உறுதியாகக் கூறத்தக்க சோதனை இல்லை. இறந்தபின் மூளைத் திசுவை ஆராய்ந்தே நோய் உறுதிப்படுத்தப்படுகிறது. ஆகையால் தொங்கும் தாடையுடன் வரும் நாய்க்குக் கடைசியாக எப்போது வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டது, அண்மை மாதங்களில் வேறு விலங்கு ஏதேனும் அதனைக் கடித்ததா என்பன மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளாக இருக்கும். தடுப்பூசி ஒழுங்காகப் போடப்பட்ட நாய் என்றால் வெறிநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு. அட்டை இல்லாத நாயை நோயுற்றதாகக் கருதியே கையாளவேண்டும். அதனைத் தனியறையில் அடைத்து, சிறுவர்களை விலக்கி, புறப்படும் முன்பே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் நிலைமையைச் சொல்லிவிடுவது நல்லது.

எச்சில் பட்டுவிட்டால் அவ்விடத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவவேண்டும். அன்றே மனிதருக்கான மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கீறலிலோ மென்சவ்விலோ எச்சில் பட்டிருந்தால் தடுப்பூசியுடன் எதிர்ப்புரதமும் தேவைப்படும். நாய்க்கு என்ன ஆகிறது பார்ப்போம் என்று காத்திருந்து ஊசியைத் தள்ளிப்போடுதல் கூடாது. நோய் அறிகுறிகள் மனிதரில் தோன்றிவிட்டால் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை.

உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறக்கின்றனர். மனிதருக்கு இது வருவதில் மிகப் பெரும்பகுதி நாய்களின் வழியே நிகழ்கிறது. லூயி பாஸ்டர் 1885-இல் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இந்நோய்த் தடுப்பூசி போட்டார். தென்னிந்தியாவில் இச்சிகிச்சைக்காகக் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் தொடங்கப்பட்டது. வயிற்றைச் சுற்றி நாள்தோறும் போடப்பட்ட பழைய ஊசிகளின் நினைவு முதியோரிடையே இன்னும் அகலவில்லை. விலங்கின் நரம்புத் திசுவிலிருந்து செய்யப்பட்ட அம்மருந்து இந்தியாவில் 2005-ஆம் ஆண்டளவில் கைவிடப்பட்டது. இன்றைய ஊசிகள் கையில் போடப்படுகின்றன, எண்ணிக்கையும் குறைவு.

வாயைத் திறக்க இயலாமை

மெல்லும் தசை அழற்சி என்பது நாயின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் உடலின் மெல்லும் தசைகளையே தாக்கும் நோய் ஆகும். இத்தசைகளில் 2எம் எனப்படும் தனிவகை இழைகள் உள்ளன. கால் தசைகளில் அவை இல்லாமையால் நாய் நன்றாக நடக்கும், ஓடும். வாய் மட்டும் திறக்காது. ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார், டாபர்மேன் போன்ற பெரிய இனங்களில் மிகுதியாகக் காணப்படினும் எந்த இனத்திலும் வரலாம். தொடக்கத்தில் நெற்றிப்பொட்டுத் தசைகள் வீங்கி வலிக்கும். சில நாய்களில் கண்கள் முன்தள்ளும். கொட்டாவி விடும்போது நாய் கத்தும். தலையைத் தடவ விடாது. பந்தைக் கவ்வ மறுக்கும்.

இக்கட்டத்தில் குருதியில் 2எம் எதிர்ப்புரதத்தைச் சோதித்து, பிரெட்னிசோலோன் உயர்ந்த அளவில் தொடங்கிப் பல மாதங்களில் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலான நாய்கள் நன்கு தேறும். கவனியாது விட்டால் வீக்கம் வடியும், வலியும் குறையும். உரிமையாளர் குணமாகிவிட்டது என்று எண்ணுவார். உண்மையில் அப்போது தசை அழிந்து நாராகிக்கொண்டிருக்கிறது. பின்னர் தலை மண்டையோடு போலக் குழிந்து, மயக்க மருந்து கொடுத்தாலும் வாய் திறவாத நிலை வரும். அந்நிலையில் தாடையை வலிந்து திறப்பதால் தாடை முறியவும் மூட்டு விலகவும் கூடும். மருந்தால் நாய் தேறிவரும் வேளையில் மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் நோயைத் திருப்பிக் கொண்டுவரும்.

இசிவு நோயிலும் வாய் பூட்டிக்கொள்ளும். குளோஸ்ட்ரிடியம் டெட்டனி என்னும் நுண்ணுயிரின் நஞ்சு இதற்குக் காரணம். குதிரையையும் மனிதரையும் விட நாய்க்கு இந்நஞ்சைத் தாங்கும் ஆற்றல் மிகுதி. ஆயினும் விரலிடுக்குப் புண், நகம் பிய்ந்த காயம் ஆகியவற்றின் பின்னர் இது தோன்றுவதுண்டு. காதுகள் விறைத்து ஒன்றையொன்று நெருங்கும், நெற்றி சுருங்கும், உதடுகள் பின்னிழுபட்டு நாய் சிரிப்பது போலத் தோன்றும். சிறு ஓசைக்கும் உடல் விறைக்கும். இருண்ட அமைதியான இடத்தில் வைத்து மருத்துவமனையில் சிகிச்சை அளிக்கவேண்டிய நோய் இது.

கண்ணுக்குப் பின்புறம் சீழ் கட்டினாலும் நாய் வாயைத் திறக்க அஞ்சும், ஏனெனில் தாடை திறக்கும்போது அதன் எலும்பு முனை அவ்விடத்தை அழுத்துகிறது. குச்சியைக் கவ்வி விளையாடும்போது அண்ணத்தில் ஏறிய சிம்பு இதற்குக் காரணமாவது உண்டு. நடுக்காது அழற்சி, வாய்ப்புற்று ஆகியவற்றாலும் வாய் திறப்பது குறையலாம். வெஸ்ட் ஹைலேண்ட் டெரியர் முதலிய இனக் குட்டிகளில் 3 முதல் 8 மாத வயதில் தாடை எலும்பு தடித்து வலிக்கும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. எலும்பு வளர்ச்சி முடியும்போது அதுவும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

விலகல், பூட்டு, முறிவு

வண்டி மோதியோ உயரத்திலிருந்து விழுந்தோ தாடை மூட்டு விலகினால் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தா. வழக்கமான முன்விலகலில், கீழ்த்தாடை விலகிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கோணிநிற்கும். மயக்க மருந்து கொடுத்து, கடைவாய்ப் பற்களுக்கிடையே பென்சில் போன்ற மரக்குச்சியை வைத்து வாயை மூடுவதன் மூலம் மருத்துவர் மூட்டை இடத்தில் பொருத்துவார். எலும்பு முறிந்திருக்கும்போது இதனைச் செய்தால் கேடு விளையும் என்பதால் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்காமல் யாரும் முயலக்கூடாது. ஈறு நோயால் எலும்பு தேய்ந்த முதிய சிறு நாய்களுக்கு, கடினமான ஒன்றைக் கடிப்பதாலேயே தாடை முறிவது உண்டு.

பாசெட் ஹவுண்ட், ஐரிஷ் செட்டர் முதலிய இனங்களில் சில நாய்களுக்குக் கொட்டாவி விட்டவுடன் வாய் அகலத் திறந்தபடியே பூட்டிக்கொள்ளும். மூட்டின் குறைவளர்ச்சியால் கீழ்த்தாடையின் முனை கன்ன எலும்பு வளைவின் வெளிப்புறம் சென்று மாட்டிக்கொள்வதே காரணம். நரம்புச் செயலிழப்பில் தளர்ந்து தொங்கும் தாடையைப் போலன்றி, இது விறைத்து நிற்கும்; நாய் பதறித் தலையை உதறும். மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால் எலும்பின் ஒரு பகுதியை அறுவை மூலம் நீக்குவர்.

மேல் கடைவாய்ப் பற்களுக்கிடையே குச்சி அல்லது எலும்பு குறுக்காக மாட்டிக்கொள்வதும், வளையமாக வெட்டிய எலும்பு கீழ்த்தாடையைச் சுற்றி ஏறிக்கொள்வதும் அடிக்கடி நிகழ்வன. நாய் முன்காலால் வாயைச் சுரண்டும். முகத்தைத் தரையில் தேய்க்கும்.

தாடை நடுக்கம்

குளிரிலும் பரபரப்பிலும் பற்கள் தந்தியடிப்பது இயல்பு. பெண்நாயின் சிறுநீரை முகர்ந்த ஆண்நாய் வாயை நுரைக்கத் தாடையைப் படபடவென அடித்துக்கொள்வதும் நோயன்று. உண்ணும்போது மட்டும் நடுங்கினால் பல்வலியை ஐயுறவேண்டும். எதையும் தின்னாமலே மென்றுகொண்டிருப்பது போல வாய் அசைந்து, நுரை தள்ளி, அழைத்தால் நாய் திரும்பாதிருந்தால் அது வலிப்பு ஆகும். தடுப்பூசி போடாத குட்டிகளில் டிஸ்டெம்பர் நோயின் அறிகுறியாக இவ்வகை வலிப்பு வருவதுண்டு. இத்தகைய நிகழ்ச்சியைக் கைபேசியில் படம்பிடித்துச் சென்றால் மருத்துவருக்குப் பெரிதும் உதவும். மருத்துவமனை மேசையில் நாய் பெரும்பாலும் ஒன்றும் அறியாதது போல நிற்கும்.

மருத்துவரிடம் செல்லவேண்டிய நேரம்

மூச்சுத் திணறல், ஈறுகள் நீலம் பாய்தல், நிற்காத குருதிப்போக்கு, அடிபட்டபின் தாடை கோணுதல், கண் முன்தள்ளுதல், உடல் விறைப்பு, ஐந்து நிமிடத்தைக் கடந்த வலிப்பு ஆகியவற்றில் எதுவாயினும் இரவென்றும் பாராது உடனே செல்லவேண்டும். தாடை திடீரெனத் தொங்கினாலோ பூட்டிக்கொண்டாலோ வேறு அறிகுறி இல்லாவிடினும் அன்றே காட்டவேண்டும். நாள் முழுவதும் நீர் அருந்த இயலாத நாயை மறுநாளுக்கு ஒத்திப்போடுதல் தகாது. ஒருபக்கமாக மெல்லுதல், வாய்நாற்றம், கவ்விய உணவை நழுவவிடுதல், கொட்டாவியின்போது கத்துதல் போன்றன மெல்லத் தோன்றினால் சில நாட்களுக்குள் காட்டலாம். நன்றாக உண்டு விளையாடும் நாய் ஒருமுறை கொட்டாவியில் சொடக்கொலி எழுப்பினால் கவனித்துவந்தால் போதும்.

வலியுள்ள நாய் வளர்த்தவரையும் கடிக்கும். எனினும் மூச்சுத் திணறும் அல்லது வாந்தியெடுக்கும் நாயின் வாயைக் கட்டக்கூடாது. மனிதருக்கான பாராசிட்டமால், ஐபுபுரோபென் மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகலாம். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் புறப்படும் முன் உணவு கொடாதிருப்பது நல்லது.

வீட்டுப் பராமரிப்பு

வெறிநோய் இல்லை என மருத்துவர் முடிவுசெய்தபின், தாடை தளர்ந்த நாய்க்கு உணவைக் குழைத்துச் சிறு உருண்டைகளாக நாக்கின் பின்பகுதியில் வைத்து ஊட்டலாம். கஞ்சி போன்ற உணவை உயர்ந்த பாத்திரத்தில் வைத்தால் சில நாய்கள் தாமே நக்கிக்கொள்ளும். ஆழமான வாளியில் நீர் வைத்தால் வாயை அமிழ்த்திக் குடிக்க எளிதாகும். படுத்திருக்கும் நாயின் வாயில் பாலையோ நீரையோ ஊற்றுதல் ஆபத்தானது. அது மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். தளர்வான துணிப்பட்டையால் தாடையைத் தாங்கிக் கட்டினால் சில நாய்கள் எளிதாக விழுங்குகின்றன. எச்சில் ஊறிய மோவாய்த் தோலை நாள்தோறும் துடைத்து உலர்த்தாவிடில் புண்ணாகும். மெல்லும் தசை அழற்சியிலிருந்து தேறும் நாய்க்கு, மருத்துவர் இசைவு தந்தபின், மென்மையான பந்துகளைக் கவ்வ விடுவது தாடை மீண்டும் அகலத் திறக்கத் துணைசெய்யும்.