ஏசி காரும் தொண்டைக் கரகரப்பும் - கொஞ்சம் வரலாறு

சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்கு தினமும் கார்ல வந்து போறவங்க பலபேர் சொல்ற ஒரே புகார்: "ஏசி போட்டா தொண்டை கட்டிக்குதுப்பா". எல்லாரும் பழியைக் குளிர் மேல போடறாங்க. ஏசியோட பூர்வீகத்தைத் தோண்டிப் பாத்தா முதல் குற்றவாளி வேற. வறட்சி!

மக்களே, ஏசி மனுஷனுக்காகப் பிறந்ததே இல்லை. காகிதத்துக்காகப் பிறந்தது. 1902-ல நியூயார்க் நகரத்து புரூக்ளின்ல ஒரு அச்சகம். ஈரக்காத்து அடிச்சா காகிதம் விரியும், காஞ்சா சுருங்கும். ஒரு வண்ணத்து மேல அடுத்த வண்ணம் சரியா உக்காராது. வில்லிஸ் கேரியர்னு 25 வயசு இன்ஜினியர், குளிர்ந்த குழாய்கள் மேல காத்தை ஓட்டி அதுல இருந்த ஈரத்தைத் தண்ணியா வடிச்சுட்டார். அவருக்குக் கொடுத்த வேலை ஈரத்தைக் கட்டுப்படுத்தறது. ஜில்லுன்னு இருந்தது இலவச இணைப்பு :-)

இதுல ஒரு வேடிக்கை. 'ஏர் கண்டிஷனிங்'ங்கிற பேரை வச்சவர் கேரியர் இல்லை. ஸ்டூவர்ட் கிரேமர்னு வட கரோலினா பஞ்சாலைக்காரர், 1906-ல வச்சார். அவருக்கு வேண்டியது நேர் எதிர்: காத்துல ஈரத்தை ஏத்தணும். இல்லாட்டி நூல் அறுந்துக்கிட்டே இருக்கும். சவானா, ரோடியர் மில்லுன்னு பஞ்சாலைகளோட வளர்ந்த புதுச்சேரிக்காரங்களுக்கு இதை நான் விளக்கவே வேணாம். நம்ம ஊர் வெட்டிவேர் தட்டியும் இந்தக் கட்சிதான். தண்ணி தெளிச்சா காத்து குளிரும், கூடவே ஈரமும் ஏறும்.

காருக்கு வருவோம். அமெரிக்காவுல முதல்ல கார் ஜன்னலுக்கு வெளியே உருளை மாதிரி ஒரு கூலரை மாட்டிக்கிட்டு ஓட்டினாங்க. உள்ளே தண்ணி, அதன் மேல பட்டு வர்ற காத்து. வெட்டிவேர் தட்டியோட தம்பின்னு வச்சுக்குங்க. 1939-ல பேக்கார்ட் கம்பெனி, தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தின காரை அறிவிச்சது. பாதி டிக்கியை அந்த மெஷினே அடைச்சுக்கும். அணைக்கணும்னா இன்ஜினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழட்டணும்! குளிர்காத்து பின்சீட்டுக்குப் பின்னாலேர்ந்து வரும். அதாவது முதலாளி கழுத்துல.

பிரெஞ்சுக்காரங்க புதுச்சேரியை நம்மகிட்ட ஒப்படைச்ச அதே 1954-ல நாஷ் கம்பெனி மொத்த ஏசியையும் சின்னதாக்கி காரோட முன்பக்கம் கொண்டு வந்துச்சு. இன்னிக்கு நம்ம கார்களும் அதே வழிதான். பின்சீட்டுக்குத் தனி வெண்ட் இல்லாத கார்ல பின்னாடி இருக்கறவர் குளிரணும்னா, முன்னாடி இருக்கற டிரைவர் மூஞ்சியில அடிச்சுட்டுத்தான் காத்து அங்கே போகணும்.

இப்போ கணக்கு. 32 டிகிரி வெயில், 70 சதவீத ஈரப்பதம். நம்ம கடலோரத்துக்கு இது சாதாரணம். ஒரு கன மீட்டர் காத்துல சுமார் 24 கிராம் தண்ணி இருக்கும். அது 5 டிகிரி கூலிங் காயில்ல பட்டா 7 கிராம்தான் மிஞ்சும். மீதி 17 கிராம் காருக்கு அடியில சொட்டுது. அந்தக் காத்து திரும்ப 24 டிகிரிக்கு வரும்போது ஈரப்பதம் 30 சதவீதம் சொச்சம். ஆனா நுரையீரலுக்குப் போற காத்து 37 டிகிரியில கிட்டத்தட்ட முழு ஈரத்தோட, கன மீட்டருக்கு 44 கிராம் தண்ணியோட இருந்தாகணும். பாக்கியை யார் கொடுக்கறது? உங்க மூக்கும் தொண்டையும்தான். மூக்கடைச்சு வாயால மூச்சு விடறவங்களுக்கு அந்த பாரம் மொத்தமும் தொண்டை மேல.

எனக்குத் தெரிஞ்ச ஒரு டிரைவர் அண்ணன், நாள் பூரா வண்டியிலதான். சாயங்காலம் குரலே வராது. "ஏசியைக் கொஞ்சம் குறைங்களேன்ணே"ன்னேன். "பின்னாடி இருக்கறவர் வேர்க்குதுன்னா நான் என்ன சார் பண்றது"ன்னார். காகிதம் கெட்டா மெஷின் கண்டுபிடிச்சாங்க. ஒரு மனுஷன் தொண்டை கெட்டா குமிழைத் திருப்ப நமக்கு யோசனை.

அதனால சில விஷயங்கள்:

- வெண்ட்டை முகத்துக்கு நேரா வைக்காதீங்க, மேல்நோக்கித் திருப்புங்க. குளிர்காத்து தானா கீழே இறங்கும். 24, 25 டிகிரி போதும்.

- உள்காத்தையே சுத்த விடாம அப்பப்போ வெளிக்காத்தை விடுங்க. உள்ளே ஒருத்தருக்கு ஜலதோஷம்னா கட்டாயம்.

- இறங்கறதுக்கு சில நிமிஷம் முன்னாடி ஏசியை அணைச்சுட்டு ஃபேனை மட்டும் ஓட விடுங்க. காயில் காயும், பூஞ்சை பிடிக்காது. கேபின் ஃபில்டரை நேரத்துக்கு மாத்துங்க.

- தண்ணி பாட்டில் கைக்கு எட்டட்டும். வீட்டுக்கு வந்து வெதுவெதுப்பான உப்புத்தண்ணில கொப்பளிங்க. அதிமதுரம் இதமா இருக்கும், ஆனா பிரஷர் இருக்கறவங்க தினமும் மெல்லாதீங்க, பிரஷரை ஏத்தும்.

- கடைசியா, பின்சீட்ல உக்காந்தா டிரைவர்கிட்ட "உங்களுக்கு ஏசி சரியா இருக்காண்ணே?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அவரா கேக்க மாட்டார்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. குரல் கரகரப்பு மூணு வாரம் தாண்டினா ஏசியைத் திட்டிக்கிட்டு இருக்காம காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாத்துடுங்க.