சாயவேர்: வெளுக்காத சிவப்பு

நிகண்டுகளில் உவரி என்றால் கடல். அதையே பெயராகக் கொண்ட உவரி போன்ற கரையூர்களின் மணலில், தரையோடு தரையாகப் படரும் சிறு செடி ஒன்று உண்டு. ஒடுங்கிய இலை, கடுகளவு வெள்ளைப் பூ. பிடுங்கினால் நீண்டு மெலிந்த, மஞ்சளோடிய வேர் வரும். சித்த மருத்துவர் இதை இம்பூறல் என்பார். இரத்தம் கக்கும் நோய்க்குக் கொடுப்பார். சாயம் தோய்ப்பவருக்கு இதுவே சாயவேர்.

பழந்தமிழில் ‘சாய்’ என்றால் ஒளி, நிறம், அழகு. சாயல் அதற்கு உறவு. சாயம் எந்த நிறத்துக்கும் பொதுவான சொல். நம் கரைக்கு வந்த ஐரோப்பிய வணிகரோ அதை இந்த ஒரு செடிக்கே பெயராக்கிவிட்டார்கள். ஆங்கிலத்தில் அது ‘சே’ ஆனது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வேர் தோண்டும் உரிமையை டச்சுக்காரர் தம் கையில் வைத்திருந்தார்கள்.

அப்படி என்ன இருக்கிறது அந்த வேரில்? பாதிரியார் கெர்டூ 1742இல் எழுதிய கடிதம் சோழமண்டலக் கரைத் துணி ஓவியத்தை விவரிக்கிறது. கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைப்பார்கள். பாலின் கொழுப்பு, எழுதும் நீர் பரவாமல் தடுக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரால் எழுதி, சாயவேரோடு கொதிக்கவிடுவார்கள். எழுதிய கோடு சிவந்துவிடும். மற்ற இடத்தில் படிந்த சாயத்தைச் சாணநீரும் வெயிலும் போக்கிவிடும். இந்தோனேசியத் தீவுகளுக்குப் போன துணிகள் சிலவற்றில் தங்க ரேக்கும் ஒட்டப்பட்டது. ரேக்கு தெலுங்கிலிருந்து வந்த சொல். அங்கே அது பூவிதழுக்கும் மெல்லிய தகட்டுக்கும் பெயர்.

வேரின் சிவப்புக்குக் காரணம் அலிசரின். 1868இல் ஜெர்மனியில் அதைச் செயற்கையாகச் செய்தார்கள்; மலிவான சரக்கு வந்ததும் வேர்த் தோண்டல் படுத்துவிட்டது. இன்று இம்பூறல் என்றால் நாட்டு மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும். சாயவேர் என்றால் பலருக்குத் தெரியாது. போதாததற்கு, போலி அம்பலமானால் ‘சாயம் வெளுத்துப்போச்சு’ என்கிறோம். எத்தனையோ சலவை கண்ட பிறகும் நின்ற சிவப்பு இது. அந்தப் பழியை இதன் மேல் போடுவது அநியாயம்.

தாவர வண்ணத்தில் படம் எழுத விரும்புகிறவர்கள் இந்தச் செடியிலிருந்து தொடங்கலாம். வேர்க் கஷாயத்தில் படிகாரம் கரைத்துச் சலவைச் சோடா சேர்த்தால் அடியில் வண்டல் இறங்கும். அதை வடித்து உலர்த்தி, கருவேலம் பிசினோடு குழைத்தால் வண்ணம் தயார். ரேக்கு ஒட்டும் படத்துக்கும் இந்தச் சிவப்பு எடுப்பாக இருக்கும். ஒன்று மட்டும்: வேரை எடுத்தால் செடி போய்விடும். கரையில் பிடுங்காதீர்கள், விதை எடுத்துவந்து வீட்டு மணலில் வளர்த்துக்கொள்ளுங்கள்.