டெனாரியஸ் காசில் இரு இளவரசர்

இந்தியாவில் கிடைத்துள்ள ரோமானியப் பேரரசு கால வெள்ளிக்காசுகளுள் பெரும்பான்மையானவை இரண்டே வகையின. ஒன்று அகஸ்டஸ் வெளியிட்டது, மற்றது டைபீரியஸ் (கி.பி. 14–37) வெளியிட்டது. இரண்டும் லுக்டூனம் நகரில், அதாவது இன்றைய பிரான்சின் லியோனில் அச்சிடப்பட்டவை. தெலங்கானாவின் நல்கொண்டா பகுதியிலுள்ள அக்கன்பள்ளியில் கிடைத்த 1500-க்கும் மேற்பட்ட டெனாரியஸ் காசுகளும் பெரும்பாலும் இவ்விருவருடையவையே.

அகஸ்டஸ் காசின் பின்புறத்தில் தோகா அணிந்த இரு இளைஞர் நிற்கின்றனர். இடையே கேடயங்களும் ஈட்டிகளும். மேலே வேள்விக் கரண்டியும் குறிசொல்லும் பூசகரின் வளைகோலும். முன்புறத்து முகம் தேய்ந்து மறைந்த காசையும் இந்த அமைப்பு காட்டிக்கொடுத்துவிடும். அடியில் உள்ள வாசகம் 'சி', 'எல்' என்னும் இரு எழுத்துகளும் 'கைசரேஸ்' என்னும் சொல்லும். 'ஏஸ்' பன்மை விகுதி. ஆகவே சீசர்கள் இருவர். 'எல்' லூசியஸ். 'சி' எனத் தொடங்கும் பெயரைத் தேடுவோர் ஏமாறுவர். அது 'கையஸ்' என்பதன் சுருக்கம். தொல் லத்தீனில் ககரத்தின் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் ஒரே எழுத்தே வழங்கியது. பின்னர்த் தனியெழுத்து உருவான போதும் பெயர்ச்சுருக்கம் பழைய வடிவிலேயே உறைந்துவிட்டது.

இவ்விருவரும் அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரர்கள்; அவரால் தத்தெடுக்கப்பட்டதால் காசு இவர்களை மகன்கள் என்கிறது. முன்புறத்தில் உள்ள 'தாயகத்தின் தந்தை' என்னும் பட்டம் கி.மு. 2-இல் அளிக்கப்பட்டது, காசு அதற்கு முந்தியதாக இருக்க இயலாது. லூசியஸ் கி.பி. 2-இலும் கையஸ் கி.பி. 4-இலும் இறந்தனர். அதன் பின்னரும் அச்சு தொடர்ந்ததா என்பது இன்றும் விவாதத்திற்குரியது.

டைபீரியஸ் காசு இவ்வளவு பேசுவதில்லை. அமர்ந்த பெண்ணுருவம், 'தலைமைப் பூசகர்' என்னும் சுருக்கப் பட்டம், அவ்வளவே. ஆண்டுக்குறிப்பு இல்லாமையால் நாற்காலிக் கால்களின் வடிவையும் அதன் கீழுள்ள கோடுகளையும் கொண்டே உட்பிரிவு செய்ய வேண்டியுள்ளது.

காசின் காலத்தையே புதையலின் காலமாகக் கொள்வதுதான் பெரும்பிழை. டைபீரியஸுடன் ஒரு திரள் முடிவதால் கி.பி. 37-இல் வணிகமும் முடிந்தது எனல் பொருந்தாது. ஒரு ரோமானிய இறாத்தல் வெள்ளியில் 84 டெனாரியஸ் என்றிருந்ததை நீரோ கி.பி. 64-இல் 96 ஆக்கினார். வெள்ளியின் தூய்மையும் குறைந்தது. எடை குறைந்த புதுக்காசைவிடப் பழங்காசை வணிகர் விரும்பியிருந்தால், அது பல்லாண்டு கழித்தும் கப்பலேறியிருக்கும். வெவ்வேறு பேரரசர் உருவம் தாங்கிய டெனாரியஸ் காசுகள் ஒரே எடையில் இருப்பதைக் கண்டு இலங்கை மன்னர் வியந்ததாக மூத்த பிளினி எழுதியுள்ளார். கதை எவ்வளவு உண்மையோ, எடைமீதான அக்கறை மெய்யானது.

இறுதிச் சிக்கல் போலிகள். செம்பின்மேல் வெள்ளி போர்த்தியவை வெட்டுக்காயத்தில் வெளிப்படும். உள்நாட்டுப் பிரதிகளை வாசகமே காட்டும். ரோமானியச் செதுக்குநர் இடம் போதாமல் சொல்லைச் சுருக்குவார். லத்தீன் அறியாதவர் எழுத்தைக் கோலமாகக் கருதித் தலைகீழாகவும் இடம் மாற்றியும் வெட்டுவார். அத்தகைய காசில் இளவரசர் இருவரும் கேடயங்களுடன் நிற்பர். 'கைசரேஸ்' மட்டும் வெறும் கோடுகளாகியிருக்கும்.