ஒரு மாணவிக்கு நான் சொன்ன தவறான பதில்



பல ஆண்டுகளுக்கு முன், வகுப்பில் இரண்டாம் உலகப்போரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "சார், சண்டையில பொம்பளைங்களே இல்லையா?" என்று கேட்டாள். "நர்சுகளாக இருந்தார்கள், உட்காரும்மா" என்றேன். ஓய்வு பெற்றபின் படித்தபோதுதான் என் பதில் தவறு என்று தெரிந்தது. இன்று அதைத் திருத்துகிறேன்.

1941 அக்டோபரில் சோவியத் விமானி மரீனா ரஸ்கோவாவின் முயற்சியால் மூன்று பெண்கள் விமானப் படைப்பிரிவுகளை அமைக்க உத்தரவானது. அவற்றில் ஒன்று 588ஆவது இரவுக் குண்டுவீச்சுப் பிரிவு. தலைவி எவ்தோக்கியா பெர்ஷான்ஸ்கயா. விமானி, வழிகாட்டி, பழுது பார்ப்பவர், குண்டு ஏற்றுபவர் எல்லாருமே பெண்கள். பெரும்பாலும் இருபது வயதை ஒட்டியவர்கள்.

கிடைத்த விமானம் போ-2. மரச்சட்டத்தில் துணி போர்த்தியது. விமானம் ஓட்டப் பழகுவதற்கும் வயலுக்கு மருந்து தெளிப்பதற்கும் பயன்பட்டது. மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டுவதே பெரும்பாடு. ஒரு தடவைக்குச் சில குண்டுகள்தான் ஏற்ற முடியும். அதனால் ஒரே இரவில் எட்டு, பத்து முறைகூடப் போய்வந்தார்கள்.

இலக்கை நெருங்கியதும் எஞ்சினைத் தணித்து, சத்தமின்றிச் சறுக்கி வந்து குண்டு போடுவார்கள். சில நிமிட இடைவெளியில் அடுத்த விமானம் வரும். சேதப்படுத்துவது மட்டுமல்ல, எதிரியை விடிய விடியத் தூங்கவிடாமல் செய்வதும் இவர்கள் வேலை. ஜெர்மன் வீரர்கள் இவர்களுக்கு வைத்த பெயர் 'இரவுச் சூனியக்காரிகள்'.

இதற்குக் கொடுத்த விலையும் பெரிது. 1944 வரை பெரும்பாலும் பாராசூட் இல்லாமலே பறந்தார்கள். துணி விமானம் தீப்பிடித்தால் தப்ப வழியில்லை. 1943 ஜூலை மாதத்தின் கடைசி இரவில் மட்டும் நான்கு விமானங்கள் எரிந்து எட்டுப் பெண்கள் மாண்டார்கள். மறுபடியும் பறந்தார்கள். போர் முடிவதற்குள் 23,000 முறைக்கு மேல் பறந்திருந்தார்கள். 23 பேர் 'சோவியத் யூனியனின் வீரர்' என்ற மிக உயர்ந்த விருதைப் பெற்றார்கள். 1945 அக்டோபரில் பிரிவு கலைக்கப்பட்டது.

போரை நான் புகழவில்லை. குண்டு யார் போட்டாலும் கீழே இருப்பது மனித உயிர்தான். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்வது ஆசிரியரின் கடமை.

அன்று கேட்ட பெண்ணே, எங்கிருந்தாலும் இதைப் படி. உன் கேள்விதான் சரி அம்மா. உன்னை உட்காரச் சொன்னதுதான் என் பிழை.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்