பெயரறிந்து பணிகொள்ளல்: கணினிச் சாதனமும் இயக்கியும்

கடுகண்ணாவை ஏறிப் பிலிமத்தலாவையைக் கடந்து செல்லும் புகையிரதம் பேராதனைச் சந்தியை அடைந்ததும் பாதை இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று கண்டிக்கும் மாத்தளைக்கும் செல்வது. மற்றொன்று நானுஓயா வழியாகப் பதுளைக்குச் செல்வது. வருகின்ற வண்டி யாதென அறிந்தாலன்றி அதனை உரிய பாதையிற் செலுத்துதல் இயலாது. கணினியின் பணிசெயல் முறைமைக்கும் இத்தகைய கடமையொன்று உண்டு. தன்னோடு இணைக்கப்படும் அச்சுப்பொறி முதலான சாதனம் ஒவ்வொன்றையும் இனங்கண்டு, அதனை ஆளவல்ல மென்பொருளாகிய இயக்கியிடம் ஒப்புவித்தலே அக்கடமை. இம்முறை வளர்ந்த வரலாறு குறுகியதாயினும் படிப்பினை மிக்கது.

1981 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியிற் பொருத்தப்பட்ட அட்டைகளுக்குத் தம்மை அறிவிக்கும் பொதுவழி இருக்கவில்லை. சாதனம் கணினியின் கவனத்தை வேண்டுதற்கு அமைந்த குறுக்கீட்டு வழிகள் 8. 1984 இல் வந்த ஏ.டி. கணினியில் அவை 15 ஆயின. எவ்வழி எவ்வட்டைக்கு என்பதை மனிதரே அட்டை மீதுள்ள சிறு செருகிகளை மாற்றி வகுத்தனர். ஈரட்டைகள் ஒரே வழியைக் கோரின், இரண்டும் இடர்ப்படும்.

1992 இல் இன்டெல் வெளியிட்ட பி.சி.ஐ. முறை இக்குறையை நீக்கிற்று. சாதனம் ஒவ்வொன்றும் ஆக்கியோர் எண், சாதன எண் என இரண்டைத் தன்னகத்தே தாங்கிற்று. ஒவ்வொன்றிலும் 65,536 வேறுபாடுகளுக்கு இடமுண்டு. இன்டெல்லின் எண் 8086. அஃது 1978 இல் அந்நிறுவனம் வெளியிட்ட செயலியின் பெயரை நினைவூட்டுவது. இயக்கியோ தான் ஆளவல்ல எண்களின் பட்டியலை உடன்கொண்டு வரும். பணிசெயல் முறைமை இரண்டையும் ஒப்புநோக்கி இணைக்கும். நேர்ப்பொருத்தம் இல்லாவிடிற் சாதனத்தின் வகையை நோக்கிப் பொது இயக்கியொன்றை அமர்த்தும். 1995 இல் விண்டோஸ் 95 இவ்வசதியைப் பொதுமக்களிடம் பரப்பியது. 1996 இல் வந்த யூ.எஸ்.பி. முறையும் இத்தகைய எண்களையே கைக்கொண்டது. ஆயினும் 1998 ஏப்ரல் 20 ஆம் நாள் சிகாகோக் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நிற்க, வருடியொன்றை இணைத்த அளவிலே விண்டோஸ் 98 நிலைகுலைந்து அவையோரை நகைக்கச் செய்தது.

நகைத்தற்கு இயலாத நிகழ்ச்சி 2014 இல் நேர்ந்தது. எஃப்.டி.டி.ஐ. என்னும் ஸ்கொத்லாந்து நிறுவனத்தின் யூ.எஸ்.பி. சில்லுகளுக்குப் போலிகள் பெருகியிருந்தன. அவை அந்நிறுவனத்தின் எண்களையே தாங்கினமையால் அதன் இயக்கியே அவற்றையும் ஆண்டது. அவ்வாண்டு அக்டோபரில் விண்டோஸ் புதுப்பிப்பு வழியாகப் பரவிய புதிய இயக்கி, போலிச் சில்லுகளின் சாதன எண்ணைச் சுழியாக்கியது. பட்டியலில் அவ்வெண் இன்மையால் அச்சாதனங்கள் இனங்காணப்படாது கிடந்தன. உள்ளிருப்பது போலியென அறியாது விலைகொடுத்து வாங்கியோரே பெரிதும் துன்புற்றனர். எதிர்ப்பு எழவே அவ்வியக்கி மீட்டுக்கொள்ளப்பட்டது. லினக்ஸ் வல்லுநரோ சுழி எண்ணையும் தம் இயக்கியின் பட்டியலிற் சேர்த்து அச்சாதனங்களை மீண்டும் பணிகொண்டனர்.

போலி செய்தல் குற்றமே. எனினும் அக்குற்றத்தின் தண்டம் அதனைச் செய்யாதார் மீது வீழ்ந்தது. எண் ஒரு பொருளின் பெயரைச் சொல்லுமேயன்றி அதன் மெய்ம்மைக்குச் சான்றாகாது. பெயரை அழிக்கவும் பட்டியலிற் சேர்க்கவும் வல்லார் கையிலேயே அப்பொருளின் பயன் தங்கியுள்ளது. கணினியைப் பயில்வோர் பொருத்தும் முறையை அறிவதோடு அமையாது, பட்டியலை எழுதுவோர் யாவர் என்பதையும் வினவுதல் வேண்டும்.