வட்டத்துக்குள் ஒரு பெயர்

ஆட்டோகேடில் மரம் வரைவது சுலபம். ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. அதை பிளாக் ஆக்கிவிட்டால் ஆயிரம் இடத்தில் வைக்கலாம். அந்த ஆயிரத்தில் எது வன்னி, எது பூவரசு என்று தெரிய வேண்டுமே? அதற்குத்தான் அட்ரிப்யூட். வட்டத்தோடு ஒட்டிக்கொண்டே வரும் எழுத்து: மர எண், இனம், அடிமரச் சுற்றளவு. பிளாக்கை வைக்கும்போதே மென்பொருள் கேட்கும், நாம் தட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தும் வைக்கலாம். மேலே பார்த்தால் வெறும் வட்டம். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு ஜாதகமே இருக்கும்.

திருவான்மியூரில் எல்.பி. ரோட்டுக்குப் பக்கத்தில், ஒரு மாடி அலுவலகத்தில் சில வருஷம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். சர்வே படங்களைச் சுத்தம் செய்வதுதான் பாதி வேலை. படத்தை ஓரிடத்திலும் அதைப் பற்றிய சொல்லை வேறிடத்திலும் வைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அங்கேதான் பிடித்துக்கொண்டது. அதைத் தேடிப் போனால் கம்ப்யூட்டருக்கு வெகு முன்னால் போய் நின்றது.

சோழர் செப்பேடுகளில் வரைபடம் கிடையாது. ஒரு ஊரைத் தானம் கொடுத்தால் பெண் யானையை அதன் எல்லை நெடுக நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, அந்த நடையை அப்படியே எழுத்தில் வெட்டினார்கள். இந்த வாய்க்காலுக்குத் தெற்கு, அந்தக் குளத்துக்கு மேற்கு என்று பத்தி பத்தியாகப் போகும். முழுக்க அட்ரிப்யூட், பிளாக்கே இல்லை. வாய்க்கால் தூர்ந்த பிறகு அந்த எல்லையை இன்று வரைந்து காட்டச் சொன்னால் யாரும் திணறுவார்கள்.

அடுத்த கதை நம் பக்கத்துக் கதை. 1763-ல் ஆற்காட்டு நவாப் மெட்ராஸைச் சுற்றியிருந்த செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். வந்த சொத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? தாமஸ் பார்னார்ட் என்ற பொறியாளரை அனுப்பினார்கள். 1767-லிருந்து 1774 வரை, ஏறத்தாழ 2000 ஊர்களின் விவரம் திரண்டது. ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தமிழில் ஓலையில் எழுதிக் கொடுத்தார்கள். அதைச் சுருக்கி ஆங்கிலத்தில் பேரேடு தயாரானது.

ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும், ஆங்கிலப் பேரேடுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. பேரேடுகளை வெளியே கொண்டுவந்து பேசியவர் தரம்பால். பிறகு சென்னையின் கொள்கை ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜிதேந்திர பஜாஜும் எம்.டி. ஸ்ரீனிவாஸும் ஓலைகளையும் சேர்த்து வாசித்து, திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் கணக்கைத் தனி நூலாகவே போட்டார்கள்.

இரண்டையும் ஒப்பிட்டால்தான் விஷயம் புரியும். ஓலையில் வீடு வீடாக விவரம் இருக்கிறது: வீட்டுக்காரர் பெயர், வீட்டின் நீள அகலம், கொல்லையின் அளவு. விளைச்சலிலிருந்து கோயிலுக்கு எவ்வளவு, ஏரிக்கு எவ்வளவு, தச்சருக்கும் வெட்டியானுக்கும் எவ்வளவு என்ற பங்கு உட்பட. பேரேட்டுக்கு வந்தபோது வீடுகள் எண்ணிக்கையாகிவிட்டன. எண்ணிக்கை பொய் இல்லை. ஆனால் ஒரு வீட்டை நோக்கி இது யாருடையது என்று அதனிடம் கேட்க முடியாது. கம்பெனிக்கு வேண்டியது வரி. வரிக்கு எண்ணிக்கை போதும்.

உடனே ஓலையைக் கொண்டாடவும் எனக்கு மனசு வரவில்லை. அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே சாதியும் இருக்கிறது. ஆய்வாளருக்கு அது பொக்கிஷம்தான். என் தெருவின் படத்தில் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் அது மறைந்திருந்தால் நானே உட்கார்ந்து நீக்குவேன்.

பிற்கால நில அளவையில் படமும் வந்தது, பதிவேடும் வந்தது. ஆனால் இரண்டும் தனித்தனி. நிலத்தின் படம் எஃப்.எம்.பி. என்கிற புலப்படச் சுவடியில். உரிமையாளர் பெயர் பதிவேட்டில். நடுவே இருக்கிற ஒரே கயிறு சர்வே எண். 1979-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய யு.டி.ஆர். திட்டத்தில் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். அப்போது மாறி விழுந்த பெயருக்காக இன்றும் தாலுகா ஆபீஸில் மனுவோடு நிற்பவர்கள் உண்டு. கோடு நகராமல் பெயர் மட்டும் மாறினாலே ஒரு குடும்பம் முப்பது வருஷம் அலையும்.

கேட்டில் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். சொல் படத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்தது. சரி, பிரச்சினை தீர்ந்ததா என்றால், இப்போது நீக்குவதும் சுலபமாகிவிட்டது.

எக்ஸ்ப்ளோட் என்ற கட்டளை பிளாக்கை உடைக்கும். வட்டம் வட்டமாகவே இருக்கும். ஆனால் நீங்கள் தட்டிய மதிப்பு போய், அந்த இடத்தில் கட்டத்தின் பெயர் வந்து நிற்கும். ‘வன்னி’ இருந்த இடத்தில் ‘இனம்’. ‘பூவரசு’ இருந்த இடத்திலும் ‘இனம்’. ஆயிரம் மரத்திலும் அதே சொல். பர்ஸ்ட் என்று இன்னொரு கட்டளை இருக்கிறது, அது வன்னியை வன்னி என்றே சாதாரண எழுத்தாக விட்டுவைக்கும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக் கொடுப்பது இந்த வித்தியாசத்தைத்தான்.

உடைக்காமல் நீக்கவும் வழி உண்டு. 2002 பதிப்பில் வந்த பிளாக் அட்ரிப்யூட் மேனேஜர். கட்டளையின் பெயரை பேட்மேன் என்றே எல்லோரும் சொல்வோம். அதில் ஒரு கட்டத்தைத் தேர்ந்து ரிமூவ் கொடுத்து, பழைய பிளாக்குகளையும் புதுப்பித்தால் படம் முழுக்க அந்த விவரம் போய்விடும். ஒரு வினோதம், ஒரே ஒரு அட்ரிப்யூட் மிச்சமிருந்தால் ரிமூவ் பட்டன் வேலை செய்யாது. கடைசி ஒன்றை அது விட்டுத் தராது.

ஆகவே முதலில் அட்அவுட் கொடுத்து எல்லா விவரத்தையும் ஒரு கோப்பில் எடுத்து வைப்பது நல்லது. ஒவ்வொரு வரியோடும் அந்த பிளாக்கின் ஹேண்டில் என்ற அடையாள எண் வரும். எக்செலில் திருத்தி அட்இன் கொடுத்தால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு சரியான மரத்துக்குத் திரும்பிப் போகும். மறுபடியும் சர்வே எண் கதைதான். வட்டங்களை வேறு படத்துக்குக் காப்பி பண்ணிவிட்டால் ஹேண்டில் மாறும். கயிறு அறும்.

ஒருமுறை ஒரு சாலை அகலப்படுத்தும் வேலைக்கு மரங்களோடு சர்வே செய்து கொடுத்தோம். வாங்கியவர்கள் கோப்பு கனமாக இருக்கிறது என்று தாங்களே எல்லாவற்றையும் எக்ஸ்ப்ளோட் பண்ணி, மேலே மிதந்த ‘இனம்’, ‘மர எண்’ எல்லாவற்றையும் குப்பை என்று அழித்து, காண்ட்ராக்டருக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த மரத்தை வெட்டுவது, எதை வேரோடு பெயர்த்து நடுவது என்ற முடிவும் அந்த எழுத்தில்தான் இருந்தது. காண்ட்ராக்டரின் ஆள் போன் பண்ணினார்.

“சார், இந்த வட்டமெல்லாம் மேன்ஹோலா?”

நல்ல வேளை, வெட்டுவதற்கு முன் கேட்டார். எங்களிடம் இருந்த மூலக் கோப்பை அனுப்பினோம். அதற்குள் அவர்கள் சாலை மையக்கோட்டை நகர்த்தி, வட்டங்களைப் புதுப் படத்துக்குக் காப்பி பண்ணியிருந்தார்கள். இரண்டையும் பொருத்துவதற்குப் பதிலாக ஒரு ஆளை அனுப்பினார்கள். அவர் ஒரு கையில் படத்தின் பிரிண்ட், இன்னொரு கையில் பெயின்ட் டப்பாவோடு, ஒவ்வொரு மரமாக நின்று பெயர் கேட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து எண் போட்டுக்கொண்டு போனார். டீக்கடைக்காரர்தான் பாதி மரத்துக்குப் பெயர் சொன்னாராம்.