யானையின் மூச்சு

பதுளை நகரிலே புனித மார்க் தேவாலயம் என்னும் பழைய ஆலயம் ஒன்றுண்டு. மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியின் நினைவாக எழுப்பப்பட்டது அது. பதுளையில் ஆட்சிப் பணி புரிந்த அவர், 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் 1,400க்கு மேல் என்று அக்காலத்தவர் கணக்கிட்டனர். எத்தனை யானைகள் செத்தன என்பதை அக்கணக்கு கூறுகின்றது. யானை எவ்வாறு வாழ்கின்றது என்பதைக் கூறவில்லை.

அதே காலத்திலேதான் ஊவா மலைகளில் காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், யானை நடந்த தடங்களின் வழியே கால்நடையாகவே மலையேறினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது. பசறை, மடுல்சீமை, லுணுகலை மலைகளெங்கும் தேயிலை பரவவே, யானைகள் கீழேயுள்ள தாழ்நிலக் காடுகளில் ஒதுங்கின. மலையில் எஞ்சியவை யானையைப் பற்றிய கதைகளே.

அக்கதைகளுள் ஒன்று இன்றும் மக்களிடையே வழங்குகின்றது. யானை நெடுநேரம் மூச்சடக்க வல்லது. ஆழமான ஆற்றிலும் மூழ்கி, அடித்தரையில் நடந்தே அக்கரை சேரும் என்பது அது. இக்கூற்று மெய்தானா? ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

இதன் ஒரு பாதி மிகப் பழையது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில், யானை ஆற்றில் நடக்கும்போது துதிக்கையை நீருக்கு மேலே உயர்த்தி மூச்சு விடுகின்றது என்று எழுதினார். நீரில் மூழ்குவோர் மேலிருந்து காற்றைப் பெறுதற்குக் கையாளும் கருவியோடு அதை ஒப்பிட்டார். அது முற்றிலும் உண்மை. ஆனால், உடலின் பாரத்தால் யானைக்கு நீந்த இயலாது என்றும் அவர் கருதினார். இது பிழை. பேரறிஞர் ஒருவர் சொன்னமையாலே, அப்பிழையும் பிற்காலத்து நூல்களில் நெடுங்காலம் நிலைத்தது.

பிழையைக் காட்டும் சான்று ஊவாவின் எல்லையிலேயே இருக்கின்றது. பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பிறந்து கிழக்குக் கடலை நோக்கி ஓடும் ஆறு கல்லோயா. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்படி, இங்கினியாகலையில் அவ்வாற்றுக்குக் குறுக்கே அணை எழுந்தது. காட்டின் பெரும் பகுதி நீரில் அமிழ்ந்து, சேனாநாயக்க சமுத்திரம் என்னும் பெருங்குளமாயிற்று. அமிழாத குன்றுகள் தீவுகளாயின. 1954இல் அப்பகுதி தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அங்கே யானைகள் தீவுக்குத் தீவு நீந்திச் செல்வதைப் படகிலிருந்தே பலரும் கண்டுள்ளனர். கால்கள் தரையைத் தொடுவதில்லை. நீரை உதைத்துத் தள்ளுகின்றன. உடல் மூழ்கினாலும் துதிக்கையின் நுனி மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கின்றது. எனவே, அடித்தரையில் நடக்கின்றது என்பதும் சரியன்று. மூச்சடக்குகின்றது என்பதும் சரியன்று. நீராடும்போது சிறிது நேரம் முழுதும் மூழ்கி எழுவதுண்டு. ஆழத்தைக் கடக்கும்போதோ அது மூச்சு விட்டுக்கொண்டே செல்கின்றது.

அங்ஙனமாயின் இதில் வியப்பென்ன என்று கேட்கலாம். உண்மையான வியப்பு இங்கேதான் தொடங்குகின்றது. மனிதன் ஒருவன் நீண்ட குழாயொன்றை வாயில் வைத்துக்கொண்டு இரண்டு மீற்றர் ஆழத்தில் நின்று மூச்சு விட முயன்றால், அது அவனால் ஆகாது. அந்த ஆழத்திலே நீரின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிகுதியாகும். உடலும் இரத்தமும் அவ்வழுத்தத்துக்கு உட்படுகின்றன. குழாய் வழியே நுரையீரலுக்குள் வரும் காற்றோ நீர்மட்டத்துக் காற்றின் அழுத்தத்திலேயே இருக்கின்றது. இந்த வேறுபாட்டால் நெஞ்சின் உட்சுவரிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெடித்துவிடக் கூடும். நீந்தும் யானையின் நுரையீரல் இருப்பதும் ஏறத்தாழ அதே ஆழத்தில்தான். ஆயினும் அதற்கு ஊறு நேர்வதில்லை.

காரணம் அதன் நெஞ்சுக்குள் இருக்கின்றது. ஏனைய பாலூட்டிகளில் நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையே வழுவழுப்பான இரண்டு மெல்லிய சவ்வுகளும், அவற்றிடையே சிறிது நீரும் உண்டு. யானையிலோ அந்த இடைவெளி இல்லை. தளர்ந்த இணைப்பிழையம் அவ்விடத்தை நிரப்பியுள்ளது. யானையை அறுத்து ஆராய்ந்தோர் 300 ஆண்டுகளுக்கு முன்னரே இதைக் கண்டனர். ஆனால் எதற்காக இவ்வமைப்பு என்பது விளங்கவில்லை. 2001ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் உடலியல் அறிஞர் ஜோன் வெஸ்ட் விளக்கம் தந்தார். குழாய் வழியே மூச்சு விடும்போது நேரும் அழுத்த வேறுபாட்டைத் தாங்குதற்கே அந்த இழையம் அமைந்தது என்பது அவர் கருத்து.

மூச்சடக்குவதில் வல்லமை பெற்ற விலங்குகள் வேறு. திருகோணமலைக் கடலிற் காணப்படும் எண்ணெய்த் திமிங்கிலம் ஒரு மணி நேரம் வரை மூழ்கியிருக்கும். கூவியர் அலகுத் திமிங்கிலம் ஒன்று 222 நிமிடம் மூழ்கியிருந்ததை ஆய்வாளர் பதிந்து, 2020இல் வெளியிட்டனர். இவை பிராணவாயுவைத் தசைகளிலே மிகுதியாகச் சேமித்து வைத்துக்கொள்கின்றன. யானையோ சேமிப்பை நம்புவதில்லை. வாயிலைத் திறந்து வைத்திருக்கின்றது. தமிழர் இதை முன்பே கண்டனர் போலும். குழாய்க்குத் தூம்பு என்று பெயர். சங்கப் புலவரும் யானையின் கையைத் தூம்புடைய கை என்றே பாடினர்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2017ஆம் ஆண்டு யூலை மாதத்தில், கொக்கிளாய்க் கரையிலிருந்து ஏறத்தாழ 8 கடல்மைல் தொலைவில், நீரோட்டத்தில் இழுபட்ட யானையொன்றைக் கடற்படையினர் கண்டனர். துதிக்கையை உயர்த்தியபடி அது தத்தளித்துக்கொண்டிருந்தது. கயிறு கட்டி மெல்ல மெல்ல இழுத்துக் கரை சேர்த்தற்கு ஏறத்தாழ 12 மணி நேரம் ஆயிற்று. யானை நெடுநேரம் மூச்சடக்கும் என்று நம்பி அதை அப்படியே விட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? நீந்த வல்ல விலங்குக்கும் களைப்பு உண்டு. களைத்த யானையின் துதிக்கை நீருக்குள் தாழுமானால், திமிங்கிலத்துக்குள்ள அவகாசம் அதற்கு இல்லை.

வெல்லவாயா, மொனராகலைப் பகுதிகளில் யானையோடு அருகருகே வாழ்வோர் மனத்திற் கொள்ள வேண்டியது இதுவே. கிணற்றிலோ சேற்றுக் குழியிலோ யானை வீழ்ந்துவிட்டால், தானே மூச்சடக்கிக் கிடக்கும் என்று காத்திருத்தல் தகாது. வனசீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே அறிவித்தல் வேண்டும். மீட்போர் முதலிற் பார்க்க வேண்டியது துதிக்கை தடையின்றி மேலே இருக்கின்றதா என்பதையே. யானையின் உயிர் அந்தத் தூம்பின் நுனியில் இருக்கின்றது.